மென்காற்றுக்கு எத்தனை சதுர மீட்டர் பாய்? மலையிலிருந்து கடலுக்கு இறங்குபவர்களுக்கான முழு வழிகாட்டி

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையைத் தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் பெரிய தடுப்பணை ஒன்று இருக்கிறது. நீளவாக்கில் இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அவர் சம்மதத்தோடு ஒரு பிப்ரவரி மதியம் என் விண்ட்சர்ஃபிங் போர்டை (மேலே நின்று, பாயைக் கையில் பிடித்துக் காற்றில் ஓட்டும் பலகை) அதில் இறக்கினேன். கையில் பிடிக்கும் காற்றுமானி 9 நாட் காட்டியது. விரித்தது 6.5 சதுர மீட்டர் பாய். அதற்கு மூன்று வாரம் முன்னால் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடலில் இதே பாய், இதே 9 நாட் காற்றில் என்னைச் சுகமாக இழுத்துக்கொண்டு போனது. தடுப்பணையிலோ பாய் நிறைகிறது, ஆனால் இழுப்பு இல்லை. நான் முன்னால் சாய்ந்து நின்றும் போர்டு சோம்பலாகவே நகர்ந்தது.

பாயைக் கட்டியதில் தவறா என்று இரண்டு முறை அவிழ்த்துக் கட்டிப் பார்த்தேன். கட்டியது சரிதான். காரணம் உயரம். அதற்கு ஒரு தனிப் படியே கீழே இருக்கிறது. பாய் அளவைப் பாயிலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். காற்று, போகும் விதம், போர்டு, உடல் எடை, நிற்கும் இடம் இவ்வளவையும் பார்த்த பிறகுதான் பாய். "காற்று குறைவா, அப்படியென்றால் பெரிய பாய்" என்பது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பிப் பணத்தையும் முதுகையும் செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே மென்காற்று என்று நான் சொல்வது 5 முதல் 12 நாட் வரை. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக, மணிக்கு சுமார் 9 முதல் 22 கிலோமீட்டர்.

முதல் படி: காற்றை அளந்து பழகுங்கள்

இதற்குப் போர்டும் தண்ணீரும் வேண்டாம். கையடக்கக் காற்றுமானி ஒன்று வாங்கிக்கொண்டு கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடங்கள். கரைச்சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர். நட்சத்திரம்போலக் கைகள் நீண்ட ஏரி என்பதால் ஒவ்வொரு கையிலும் காற்று வேறு திசையில் வளைந்து வரும். ஒரு முனையில் 4 நாட், திருப்பத்தைத் தாண்டினால் 9, அடுத்த மரக்கூட்டத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. மலைக்காற்றின் குணத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

ஓரிடத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் நின்று அளக்க வேண்டும். மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அதிக நேரம் நின்ற வேகம், வீச்சின்போது ஏறிய வேகம், தொய்வின்போது இறங்கிய வேகம். பலர் வீச்சின் உச்சத்தை மட்டும் நினைவில் வைத்து "பதினாலு அடிச்சுது" என்பார்கள். தண்ணீரில் பெரும்பகுதி நேரம் நீங்கள் நிற்கப்போவது அந்தப் பதினாலில் அல்ல, இடைப்பட்ட எட்டில்.

காற்றுமானி இல்லாத நாளில் கண்ணே போதும். முகத்தில் காற்று படுகிறது, இலை சலசலக்கிறது, தண்ணீரில் சிற்றலை மட்டும் இருக்கிறது என்றால் 4 முதல் 6 நாட். இலைகளும் மெல்லிய குச்சிகளும் ஓயாமல் ஆடுகின்றன, சிறு கொடி விரிந்து நிற்கிறது, அலை முகட்டில் ஒன்றிரண்டு இடத்தில் வெள்ளை தெரிகிறது என்றால் 7 முதல் 10. சிறு கிளைகள் அசைந்து, தரையில் புழுதியும் தாளும் கிளம்பி, தண்ணீரில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் 11-ஐத் தாண்டிவிட்டது. பியூஃபோர்ட் அளவுகோலின் 2, 3, 4 படிகள் இவை. உயரமான தைலமரங்களின் உச்சியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உச்சி நன்றாக ஆடும்போது கீழே தண்ணீர் கண்ணாடிபோல இருக்கலாம்.

மரவரிசையோ மேடோ காற்று வரும் பக்கம் இருந்தால், அதன் உயரத்தைப்போலக் குறைந்தது பத்து மடங்கு தூரத்துக்குக் காற்று கெட்டுப்போயிருக்கும். இருபது மீட்டர் மரத்துக்கு இருநூறு மீட்டர். நான் இறங்கிய தடுப்பணைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் பாதி நீர்ப்பரப்பு மரநிழலிலேயே போய்விடுகிறது.

கைபேசிச் செயலிகள் காட்டும் காற்று தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்துக்கானது. நம் பாய் நிற்கும் உயரத்தில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மேலும் அவை பல கிலோமீட்டர் பரப்பை ஒரே கட்டமாக எடுத்துக் கணக்குப் போடுபவை. ஒரு மலைமடிப்பு அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. கடலில் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். மலையில் நான் நம்புவதில்லை. வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வரும் காற்றும், பொழுது சாய்ந்ததும் குளிர்ந்து கீழே இறங்கும் காற்றும் அந்தந்த ஊர்க்காரர்களுக்குத்தான் நேரக்கணக்கோடு தெரியும். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

கடற்கரையில் அதேபோல மீனவர்களிடம் கேளுங்கள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் காற்றுக்குப் பெயரே திசையைச் சொல்லிவிடும். வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு, சோழகம் தெற்கு, கச்சான் மேற்கு. "இன்னைக்குக் கச்சான் ஏறிரும் தம்பி, பத்து மணிக்குள்ள கரையேறிருங்க" என்று ஒரு பெரியவர் சொன்னார். காலை ஆறு மணிக்கு ஆறு நாட்டாக இருந்த காற்று ஒன்பதரைக்குப் பதினேழைத் தொட்டது.

இரண்டாம் படி: எப்படிப் போக ஆசை?

மென்காற்றில் இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று, போர்டு தண்ணீரைப் பிளந்துகொண்டு அமைதியாகப் போவது. இன்னொன்று, போர்டு தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிப் பறப்பது. இதைத்தான் பிளேனிங் என்கிறார்கள். இந்த இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் பாய் அளவைப் பற்றிப் பேசவே முடியாது.

10 நாட்டுக்குக் கீழே சராசரி எடை உள்ள ஒருவர் ஃபின் போர்டில் (பின்பக்கம் அடியில் துடுப்புபோன்ற தகடு உள்ளது) பிளேனிங் செய்வது மிகவும் கடினம். அகலமான போர்டும் 9 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பாயும் நல்ல பயிற்சியும் சேர்ந்தால் 8, 9 நாட்டில் எழுப்புகிறவர்கள் உண்டு. அவர்கள் பாயை இரண்டு கையாலும் விசிறிபோல அடித்து அடித்துத்தான் போர்டைக் கிளப்புகிறார்கள். ஒலிம்பிக்கில் 2008 முதல் டோக்கியோ வரை இருந்த ஆர்எஸ்:எக்ஸ் என்ற விண்ட்சர்ஃபிங் வகுப்பில் ஆண்களுக்கு 9.5, பெண்களுக்கு 8.5 சதுர மீட்டர் பாய். அந்த எண்களைக் காட்டி "நமக்கும் அதுதான் வேணும்" என்பவர்களிடம் நான் சொல்வது, அந்த வீரர்கள் மென்காற்றில் பந்தயம் முழுக்கப் பாயை அடித்துக்கொண்டே போவார்கள் என்பதைத்தான். பாயின் அளவோடு அந்த உடம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், 1970-களில் உலகமெங்கும் பரவிய முதல் விண்ட்சர்ஃபர் போர்டு. நீளம் பன்னிரண்டு அடி. அதில் பாய் ஐந்தரை சதுர மீட்டர் அளவுதான். ஐந்தாறு நாட் காற்றில் அது இன்றைக்கும் அழகாகப் போகும். நீளம்தான் அங்கே வேலை செய்கிறது. எனக்கு அந்தப் போக்கு ரொம்பப் பிடிக்கும். காலை ஏழு மணிக்குப் பாக் விரிகுடாவில் அலையே இல்லாத தண்ணீரில், அடியில் மணல் தெரிய, சத்தமில்லாமல் போகும் அனுபவத்துக்குப் பத்து சதுர மீட்டர் பாய் வேண்டியதில்லை.

மூன்றாம் படி: போர்டைப் பாருங்கள்

பாயும் போர்டும் ஒரு ஜோடி. அறுபது சென்டிமீட்டர் அகலப் போர்டில் எட்டரைப் பாயைக் கட்டினால், பாயின் எடையும் இழுப்பும் போர்டை ஒரு பக்கம் அமுக்கும். 8 சதுர மீட்டருக்கு மேல் போக வேண்டுமானால் போர்டு குறைந்தது 75, 80 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். டாகர்போர்டு (போர்டின் நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் தகடு) உள்ள நீளப் போர்டு என்றால் இந்தக் கவலை குறைவு. அதில் 5.5 முதல் 7.5 வரை எதைக் கட்டினாலும் மென்காற்றில் போய்வரலாம்.

போர்டின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு உடல் எடையோடு நூறைச் சேர்த்தால் வரும் லிட்டர் நல்ல தொடக்கம். 65 கிலோ என்றால் 165 லிட்டர். பழகியவர்கள் மென்காற்றுக்கு எடையோடு 50, 60 சேர்த்தால் போதும். நன்னீரில் மிதப்பு கடலைவிட இரண்டரை சதவீதம் குறைவு என்பதால் மொத்தச் சுமை நூறு கிலோவுக்கு இரண்டரை லிட்டர் வித்தியாசம் வரும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபின் பாய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பிளேனிங் போர்டில் பாய் அளவை ஐந்தரையால் பெருக்கினால் ஃபின் நீளம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். 7.5 பாய்க்கு 41 சென்டிமீட்டர். பாசியும் நீர்த்தாவரமும் உள்ள இடத்தில் பின்பக்கம் சாய்ந்த குட்டை ஃபின் போடுங்கள். பாசியைச் சுற்றிக்கொண்ட ஃபின் பாதிப் பாயைத் தின்றுவிடும்.

நான்காம் படி: எடைக் கணக்கு

என் தங்கை மகன் போன வருடம் வண்டி ஓட்டிப் பழகியதுபோல இதையும் சீக்கிரம் பழகிவிட வேண்டும் என்ற வேகத்தில் வந்தான்.

"மாமா, எட்டரை வாங்கிடவா? காத்து கம்மின்னாலும் ஓடும்ல?"

"உன் எடை என்ன மாப்ள?"

"அறுபத்திரண்டு."

"போர்டு?"

"உங்களோடதுதான். அந்த நீள போர்டு."

"அப்ப உக்காரு. கணக்குப் போடுவோம்."

பிளேனிங்குக்கு நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இதுதான்: உடல் எடையை 1.35-ஆல் பெருக்கி, காற்றை நாட்டில் எடுத்து அதனால் வகுக்க வேண்டும். வரும் எண் சதுர மீட்டர். 62 கிலோவுக்கு 15 நாட் காற்றில் 5.6. 12 நாட்டில் 7. 10 நாட்டில் 8.4. எனக்கு 78 கிலோ. 15 நாட்டில் 7, 12 நாட்டில் 8.8, 10 நாட்டில் பத்தரை. பத்தரையைப் பார்த்ததும் நான் பிளேனிங் ஆசையை விட்டுவிட்டு நீளப் போர்டை எடுத்துவிடுவேன். கணக்கின் பயனே அதுதான். எந்த இடத்தில் பாயைப் பெரிதாக்குவதை நிறுத்திவிட்டுப் போர்டை மாற்ற வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

அமைதியாகப் போவதற்கு இந்தச் சூத்திரம் வேண்டாம். எடையைப் பதினொன்றால் வகுத்தால் போதும். 62 கிலோவுக்கு 5.6, 78 கிலோவுக்கு 7. ஒரு அரை சதுர மீட்டர் இப்படியோ அப்படியோ இருந்தால் குற்றமில்லை. இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்றால் இதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அவன் அப்போது நான்கு நாள்தான் தண்ணீரில் நின்றிருந்தான். அவனுக்கு 4.6 வந்தது. வீட்டில் இருந்தது 5.0. அதையே கட்டச் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

ஏன் கழிக்க வேண்டும் என்று சொல்கிறேன். கற்பவர் அடிக்கடி விழுவார். விழுந்தால் பாய் தண்ணீரில் படுத்துவிடும், அதன்மேல் தண்ணீர் ஏறி நிற்கும். அப்ஹால் கயிற்றைப் பிடித்து அதை முதுகு பலத்தால் தூக்க வேண்டும். 5 சதுர மீட்டர் பாயை ஒரு காலையில் நாற்பது தடவை தூக்கலாம். எட்டரையைப் பத்து தடவை தூக்கினால் பதினோராவது தடவை கை மறுத்துவிடும். மென்காற்றில் விழுந்தபடியே நடுத்தண்ணீரில் நிற்பது விளையாட்டில்லை, அதுவும் குளிர்ந்த தண்ணீரில்.

குழந்தைகளுக்கு இந்த வகுத்தல் எதுவும் பொருந்தாது. முப்பது கிலோ பிள்ளைக்கு 2 முதல் 3 சதுர மீட்டர் போதும். அவர்களுக்கென்று எடை குறைந்த மெல்லிய மாஸ்டோடு (பாயைத் தாங்கும் கம்பம்) வரும் தொகுப்புகள் இருக்கின்றன. பெரியவர்களின் மாஸ்டில் சின்னப் பாயைக் கட்டிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பாயில் விழும் விசை காற்று வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 8 நாட் 12 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குதான், விசையோ இரண்டேகால் மடங்கு. தொய்வுக்கென்று பெரிய பாயைக் கட்டிக்கொண்டு போனவரை வீச்சு தூக்கி எறிவது இதனால்தான். தொய்வு 5, வீச்சு 14 என்று காற்று ஆடினால், நான் 14-க்கும் கட்டமாட்டேன், 5-க்கும் கட்டமாட்டேன். அதிக நேரம் நிற்கும் வேகத்துக்குக் கட்டுவேன். வீச்சில் பாயைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் இது போதும்.

ஐந்தாம் படி: உயரத்துக்கான திருத்தம்

இப்போது மேல்மலைத் தடுப்பணைக்கு வருவோம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல். 2,000 மீட்டரில் சுமார் 795. அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடுகிறது, பருப்பு வேக நேரமாகிறது. வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலை ஏறுவதற்குள் உப்பி நிற்கிறது. எல்லாம் ஒரே காரணம்தான். மேலே காற்று லேசானது.

குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதையும் சேர்த்துக் கணக்கிடலாம். மண்டபத்தில் 30 டிகிரி வெயிலில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ. மேல்மலையில் 18 டிகிரியில் அதே கனமீட்டர் சுமார் 0.95 கிலோ. அதாவது கடலில் இருப்பதில் 82 சதவீதம். பாயைத் தள்ளுவது காற்றின் வேகம் மட்டுமில்லை, அதன் கனமும்தான். ஆகவே காற்றுமானி இரண்டு இடத்திலும் 9 என்று காட்டினாலும், மலையின் 9 நாட் கடலின் 8.1 நாட்டுக்குத்தான் சமம்.

இதைச் சரிக்கட்டக் கடலில் கட்டும் பாயை 0.82-ஆல் வகுக்க வேண்டும். கடலில் 6.5 என்றால் மலையில் 7.9. கடலில் 5 என்றால் 6.1. ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் இதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு நான் 6.5-க்குப் பதிலாக 8 கட்டியிருந்தால் மண்டபத்தில் கிடைத்த இழுப்பு கிடைத்திருக்கும்.

ஆனால் இங்கே கற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இழுப்புதான் குறைகிறதே தவிர, பாயின் எடை குறையாது. தண்ணீரிலிருந்து தூக்க வேண்டிய பாரமும் குறையாது. அதனால் புதியவர்கள் மலையில் இந்தத் திருத்தத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5-க்குப் பதில் 5.5 கட்டுங்கள், மெதுவாகப் போங்கள்.

மலையில் காற்றை அளந்து பழகியவர்கள் கடலுக்குப் போகும்போது இதைத் தலைகீழாக நினைவில் வைக்க வேண்டும். மேலே 11 நாட் "சாதுவாக" இருந்தது என்று நம்பிக் கீழே அதே பாயைக் கட்டினால், எதிர்பார்த்ததைவிட இருபது சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இழுக்கும்.

தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையில் உள்ள ஏரிகளும் அணைகளும் வனத்துறை, மின்வாரியம், சுற்றுலாத்துறை, நகராட்சி என்று யாரோ ஒருவரின் பொறுப்பில் இருப்பவை. எழுத்தில் அனுமதி இல்லாமல் எதிலும் இறங்காதீர்கள். பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு போன்ற மின் அணைகளில் நீர்மட்டம் ஏறி இறங்கும், அடியில் பழைய மரக்கட்டைகளும் கிடக்கலாம். எங்களில் பெரும்பாலோர் மலையில் கணக்கைப் போட்டுவிட்டுக் கடலுக்குத்தான் இறங்குகிறோம்.

ஆறாம் படி: பாயின் வகையும் மாஸ்டும்

பழைய பாய் ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். 8.5 சதுர மீட்டர். கூடவே ஒரு மாஸ்டையும் கொடுத்து, இது பொருந்தும் என்றார்கள். மாஸ்ட் 430 சென்டிமீட்டர். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால், பாயின் அடியிலேயே முன்விளிம்பு நீளம் 510, மாஸ்ட் 490 என்று அச்சிட்டிருந்தது. அடியில் செருகும் நீட்டிப்பை முழுதாக இழுத்தாலும் எட்டவில்லை. அந்தப் பாய் ஏழு மாதம் பரணில் கிடந்தது. அதனால் சொல்கிறேன்: பணம் கொடுக்கும் முன்பு பாயின் கீழ்மூலையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களைப் படியுங்கள். முன்விளிம்பு நீளம், பூம் (பாயைக் கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பி) நீளம், மாஸ்ட் நீளம். உங்களிடம் உள்ள மாஸ்டும் நீட்டிப்பும் சேர்ந்து முதல் எண்ணைத் தொட வேண்டும். பூமும் இரண்டாம் எண் வரை நீள வேண்டும். மாஸ்டின் வளைவுக் குணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், முடிந்தால் பாயும் மாஸ்டும் ஒரே கம்பெனியாக இருப்பது நல்லது.

மென்காற்றுப் பாய்களில் கேம்பர் உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு உண்டு. கேம்பர் என்பது பேட்டனையும் (பாயை விறைப்பாக வைக்கும் குறுக்குப் பட்டை) மாஸ்டையும் இணைக்கும் சிறு பிளாஸ்டிக் கவ்வி. அது பாயின் வயிற்றை, அதாவது வளைவை, காற்று இல்லாதபோதும் அப்படியே பிடித்து வைத்திருக்கும். பந்தயக்காரர்களுக்கு அருமையான பொருள். ஆனால் எடை கூடும், பாய் திரும்பும்போது தட்டென்று அடித்து மாறும், முன்விளிம்புப் பைக்குள் தண்ணீர் புகுந்தால் தூக்குவது இரட்டிப்புச் சிரமம். 8-க்குக் கீழே, பொழுதுபோக்காகப் போகும் யாருக்கும் கேம்பர் இல்லாத பாயைத்தான் நான் சொல்வேன்.

பிறகு வண்டி. 460 மாஸ்ட் இரண்டு துண்டாகக் கழலும், ஒவ்வொன்றும் 230 சென்டிமீட்டர். மலைப்பாதை வளைவுகளில் கூரைமேல் கட்டிக்கொண்டு போக அது தோது. 6.5, 7.5 இரண்டு பாயையும் 460 மாஸ்ட் ஒன்றிலேயே கட்டிவிட முடிகிறது. எட்டரைக்குப் போனால் 490 மாஸ்ட், நீளமான பூம், பெரிய ஃபின் என்று எல்லாம் புதிதாக வேண்டும். 7.5-க்கும் 8.5-க்கும் நடுவில் பாயின் விலையைவிடப் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது.

ஒரே ஒரு மென்காற்றுப் பாய்தான் வாங்க முடியும் என்றால்? 55 முதல் 65 கிலோ உள்ளவர்களுக்கு 6.0 அல்லது 6.5. அதற்கு மேல் 80 கிலோ வரை 7.0 அல்லது 7.5. இரண்டு வாங்க முடிந்தால் நடுவில் ஒன்று முதல் ஒன்றரை சதுர மீட்டர் இடைவெளி விடுங்கள். 6.5-க்குப் பக்கத்தில் 7.0 வாங்குவது வீண்.

நீருக்கடியில் இறக்கைபோல நின்று போர்டையே தூக்கும் ஃபாயில் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன பிளேனிங் கணக்கு பொருந்தாது. அவர்கள் 8, 9 நாட்டில் 6.5 முதல் 7.5 வரையான பாயிலேயே எழுந்துவிடுவார்கள். மண்டபம் பக்கம் இடுப்பளவு தண்ணீர் நெடுந்தூரம் போகும் என்பதால் ஃபாயிலின் நீளத்துக்கு ஆழம் இருக்கிறதா என்று முதலில் நடந்து பார்த்துவிட வேண்டும். மணல்திட்டில் ஃபாயில் இடித்தால் ஆள் முன்னால் பாய்ந்து விழுவார்.

ஏழாம் படி: கட்டும் விதம்

அளவு சரியாக இருந்தும் கட்டுவது தவறினால் ஒரு சதுர மீட்டர் காணாமல் போகும். முதலில் டவுன்ஹால், பாயை மாஸ்டின் அடிப்பக்கம் இழுத்துக் கட்டும் கயிறு. பாயின் உச்சியில் பின்விளிம்பு எவ்வளவு தளர வேண்டும் என்று பல பாய்களில் புள்ளி வைத்திருப்பார்கள். மென்காற்றுக்கு முதல் புள்ளி வரை தளர்ந்தால் போதும். ஆனால் அதற்கும் குறைவாக இழுத்துவிட்டு, "வயிறு நன்றாக இருக்கிறது" என்று மகிழாதீர்கள். அப்படிக் கட்டிய பாய் சின்ன வீச்சிலேயே கையைப் பிடுங்கும்.

அடுத்து அவுட்ஹால், பாயைப் பூமின் பின்முனைக்கு இழுத்துக் கட்டும் கயிறு. பாய் சுருக்கமில்லாமல் நிற்கும் அளவுக்கு இழுத்து, அதற்குமேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். 8 முதல் 12 நாட்டுக்கு இந்த நிறைந்த வயிறு நன்றாக இழுக்கும். 6 நாட்டுக்குக் கீழே கதை மாறுகிறது. அவ்வளவு மெல்லிய காற்று ஆழமான வளைவைத் தொடர்ந்து ஒட்டி ஓடாது, பாதியிலேயே விலகிவிடும். அப்போது இன்னும் ஒரு சென்டிமீட்டர் இழுத்து வயிற்றைக் கொஞ்சம் தட்டையாக்குங்கள். இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். செய்து பார்த்தவர்கள் மறுபடி தளர்த்தமாட்டார்கள்.

பூமைத் தோள் உயரத்துக்கும் மோவாய்க்கும் இடையில் வையுங்கள்.

எட்டாம் படி: தண்ணீரில் சரிபார்ப்பது

இறங்கிப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பின்கை சீக்கிரம் வலிக்கிறது, போர்டு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கிறது, வீச்சு வரும்போதெல்லாம் பாயை முழுதாகத் திறக்க வேண்டியிருக்கிறது என்றால் பாய் பெரிது. முதலில் டவுன்ஹாலை இரண்டு சென்டிமீட்டர் இழுத்துப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் சின்னப் பாய்க்கு மாறுங்கள். கையில் பாரமே இல்லை, காற்றை எதிர்த்து ஏற முடியவில்லை, கிளம்பிய இடத்துக்குக் கீழேயே போய்ச் சேருகிறீர்கள் என்றால் பாய் சிறிது. அல்லது டாகர்போர்டை இறக்க மறந்திருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

எங்கே இறங்குகிறீர்கள் என்பதும் பாய் அளவை மாற்றும். மண்டபத்தின் வடகரையில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், சோழகம் கரையிலிருந்து கடலுக்குள் வீசும். கரையோரம் தண்ணீர் அமைதியாக, காற்று மென்மையாக இருக்கும். இருநூறு மீட்டர் உள்ளே போனால் மரமும் வீடும் மறைக்காத முழுக்காற்று. அங்கே திரும்பி வரத் தெரியாதவர் வெளியே போய்க்கொண்டே இருப்பார். தென்கரையில் வாடைக்கு இதே நிலை. கரையிலிருந்து வெளியே வீசும் நாளில் கணக்கில் வருவதைவிட அரை சதுர மீட்டர் குறைத்துக் கட்டுங்கள், ஆழமில்லாத பகுதியைத் தாண்டாதீர்கள், கரையில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். கற்பவர்கள் அந்த நாளில் இறங்கவே வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியக் கடல் பூங்காவில் சேர்ந்தவை, அந்தப் பக்கம் பாயைத் திருப்பாதீர்கள். உயிர்காப்பு உடுப்பு எந்தக் காற்றுக்கும் கட்டாயம்.

மாப்பிள்ளையை ஜனவரியில் மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். தென்கரை அன்றைக்கு வாடைக்கு ஆகாது என்பதால் வடகரையில் இறங்கினோம். காலையில் 7 நாட், கரையை நோக்கி வந்தது. 5.0 பாய், நீளப் போர்டு. முதல் நாள் முப்பத்தோரு தடவை விழுந்தான், முப்பத்தோரு தடவையும் தானே தூக்கினான். மூன்றாம் நாள் காற்று 9-க்கு ஏறியபோது காற்றை எதிர்த்து ஏறி, கிளம்பிய கம்பத்துக்கே திரும்பி வந்து நின்றான். மத்தியானம் சாப்பிடும்போது கேட்டான்.

"மாமா, இப்ப எத்தனை கட்டலாம்?"

"நீயே போடு கணக்க."

விரலை மடக்கி மடக்கிப் போட்டான். "அஞ்சு புள்ளி ஆறு. உங்க ஆறு இருக்குல்ல?"

சாயங்காலம் வாடை 8 நாட்டில் நின்றபோது அவனே மாஸ்டைச் செருகி, டவுன்ஹாலை முதல் புள்ளி வரை இழுத்து, ஆறைக் கட்டி முடித்திருந்தான். அவுட்ஹாலை மட்டும் நான் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக் கொடுத்தேன்.